சம்பந்தி வீட்டு டேப்லெட்

புதூர்நாடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ரேணுகாதேவிக்கு அம்மா எழுதுவது. மலையில் மழை விட்டு வெயில் அடிக்கிறது, அப்பாவும் நானும் சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்பாய். போனில் என்றால் எடுத்தவுடன் சண்டை போட்டுவிடுவேன், கடிதத்தில் கொஞ்சம் யோசித்துச் சண்டை போடலாம். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், பேனா பிடித்து எத்தனையோ வருஷமாகிறது. நம் டைப்பிங் கடைக் கம்ப்யூட்டர்தான் செத்துவிட்டதே. சாதிச் சான்றுக்கு ஒருவருக்கு மனு டைப் அடித்துக்கொண்டிருந்தேன், கரண்டு போய் வந்தது, அது மட்டும் திரும்பி வரவில்லை. திருப்பத்தூர் மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு இதற்கு ஆயுசு முடிந்தது அக்கா என்று சொல்லிப் போனார். நீயும் இனி அந்தப் பெட்டி எதற்கு, டேப்லெட் போதும், எது வேண்டும் என்று பார்த்துச் சொல் என்றாய். பார்த்துவிட்டேன், எங்கே பார்த்தேன் என்றுதான் உனக்குத் தெரியாது.

போன வாரம் பக்கத்து வீட்டு மாதையன் உன் மாமியார் ஊரான ஒடுகத்தூர் போய்வந்து, உன் மாமியாருக்கு ரேணு வெளிநாட்டிலிருந்து டேப்லெட் அனுப்பியிருக்கு என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா என்னிடம் வந்து சம்பந்தியம்மாவுக்கு மாத்திரை வந்திருக்காம் என்றார். வெளிநாட்டிலிருந்து மாத்திரை வருகிறதென்றால் என்ன வியாதியோ என்று எனக்குப் பகீரென்றது. கல்யாணத்தில் அவளோடு முகம் சுளித்ததெல்லாம் நினைத்து வருத்தப்பட்டு, சாத்துக்குடி வாங்கிக்கொண்டு, பஸ் மாறி மாறிப் போய் இறங்கினோம். பார்த்தால் சிவசங்கரியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டு, அந்தப் பளபளப்புப் பலகையில் சீரியல் பார்க்கிறாள். சாத்துக்குடி எதுக்குங்க என்று கேட்டாள். சும்மாதான் என்றேன். எனக்கு வயிறு எரிந்தது ரேணு, மறைப்பானேன். நாள் முழுக்க டைப் அடிக்கிறவளுக்குச் செத்த கம்ப்யூட்டர், சீரியல் பார்க்கிறவளுக்குப் புது டேப்லெட். குரங்கு கையில் பூமாலை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆனாலும் அவள் அந்தப் பக்கம் எழுந்து போனதும் எடுத்துப் பார்த்தேன். நீளம் ஒரு சாணும் இரண்டு விரலும். ஐயா வணக்கம் என்று அடித்துப் பார்த்தால் கண்ணாடியில் என் விரல் வழுக்குகிறது, இருபது வருஷ டைப்ரைட்டர் கை அதற்கு ஒத்துவரவில்லை. அப்போது பார்த்து கரண்டு போனது, ஃபேன் நின்றது, அது மட்டும் அசராமல் எரிகிறது. உள்ளேயே சிம்மும் இருக்கிறது. நம் மலைக்கு இதுதான் சரி என்று எனக்கே தோன்றியதுதான் கூடுதல் எரிச்சல். வரும் வழியில் திருப்பத்தூர் கடையில் கேட்டேன், தனிக் கீபோர்டு மாட்டலாமாம், பிரிண்டருக்கும் ஒயர் வேண்டாமாம். அதனால் எனக்கும் டேப்லெட்டே வாங்கு, கீபோர்டோடு. அவளுடையதைவிட ஒரு விரலாவது பெரிதாக இருக்கட்டும்.

இனித்தான் முக்கியமான விஷயம். டீ போடும்போது அவள் அதைச் சமையலறைக்கு எடுத்துப் போயிருந்தாள். நான் கூடத்தில் இருந்தேன். உன் குரல் கேட்டது, "அம்மா, சாப்ட்டியா?" என்று. ங்க போடாமல், என்னிடம் கேட்கிற அதே இழுப்பில். நான் சாப்ட்டேம்மா என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். புளி டப்பாமேல் சாய்த்து வைத்த பலகையில் உன் முகம் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. வாசல்படி தாண்டாமல் அப்படியே திரும்பிவிட்டேன், நீ என்னைப் பார்க்கவில்லை. பிறகு அவள், "அத்தைன்னு வேணாம், அம்மான்னே கூப்டுன்னு நான்தாங்க சொன்னேன்" என்று பெருமையாகச் சொன்னாள். பஸ்ஸில் தலைவலி என்று அப்பாவிடம் பொய் சொல்லி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தேன்.

அவள் நல்லவள்தான், கிளம்பும்போது முறுக்கு கட்டிக்கொடுத்தாள். நல்ல மாமியார் கிடைத்தது உன் அதிர்ஷ்டம், அப்படிக் கூப்பிடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு டேப்லெட் வந்ததும் முதல் கால் நீதான் செய்ய வேண்டும். அவளிடம் கேட்டதையே என்னிடமும் கேள். அன்றைக்கு நான் சொன்ன பதில் உனக்குக் கேட்கவில்லை.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. இருவரும் நீண்ட ஆயுளோடு, குறையொன்றும் இல்லாமல் இருங்கள். சிம் போடுகிற மாதிரிதானா என்று கேட்டு வாங்கு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
அம்சவல்லி.