ரிசீவரை எடுத்தால் போதும்

ரானுயி, ஆக்லாந்து
24 ஏப்ரல் 2014

அன்புள்ள விக்னேஸ்வரி அக்காவுக்கு,

தங்கை நிர்மலாதேவி வணக்கத்துடன் எழுதுவது. நானும் இவரும் இங்கே நலம். நீங்களும் செல்வராஜ் அத்தானும் கமுந்திங் ஃபிளாட்டில் சௌகரியமாகக் குடியேறிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். நான் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் பதிலும் இல்லை. தபாலில் வந்ததையாவது பிரித்துப் பார்ப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். தவிர, இதைப் போனில் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. ஏனென்றால் பயமே போனைப் பற்றியதுதான்.

இங்கே மழை தொடங்கிவிட்டது, துணி காயமாட்டேன் என்கிறது. வாரத்தில் பாதி நாள் ரயில் பிடித்து நகர மையத்து ஆபீசுக்குப் போகிறேன், மீதி நாள் வீட்டிலிருந்தே வேலை. இவருக்கு முதுகுவலி, ஆனால் கிண்டல் மட்டும் குறையவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தைப்பிங் வீட்டு ஹாலில், அம்மாவின் போனுக்குப் பக்கத்தில் நான் ஒரு சின்னப் பெட்டி வைத்துவிட்டு வந்தது நினைவிருக்கும். அம்மாவுக்குக் கண் மங்கி நம்பர் அழுத்த முடியாமல் போன சமயம் அது. சாதாரணப் போனை இன்டர்நெட்டோடு இணைக்கும் பெட்டி. அதற்கென்று இன்டர்நெட்டில் ஒரு பக்கம் உண்டு. இங்கிருந்தே கம்ப்யூட்டரில் முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்தால் திறக்கும். அந்தப் பக்கத்தில் என் நம்பரைப் போட்டு, யாராவது ரிசீவரை எடுத்தாலே இங்கே மணி அடிக்கும்படி செய்திருந்தேன். வேறு எதையும் அழுத்த வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு விளக்கேற்றிவிட்டு அம்மா ரிசீவரை எடுப்பார். என் அடுப்படிப் போனின் சின்னத் திரையில் 'அம்மா' என்று வரும்.

அந்தப் பெட்டி உங்களுக்கு எவ்வளவு வலித்தது என்று அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தன்றுதான் தெரிந்துகொண்டேன். குளிப்பாட்டவும் ஊட்டிவிடவும் நான், வாய் நிறையப் பேசுவதற்கு மட்டும் அவளா என்று எல்லார் முன்னாலும் கேட்டீர்கள்.

நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போன கொஞ்ச நாளில் மணி அடித்தது அக்கா. மத்தியானம் இரண்டு மணி. திரையில் 'அம்மா'. கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. எடுத்து ஹலோ என்றேன். யாரும் பேசவில்லை. ஆனால் ஆள் இருந்தது. மூச்சு கேட்டது. வளையல் ரிசீவரில் உரசுவது கேட்டது. தூரத்தில் ஒரு புறா விட்டு விட்டுக் குனுகியது. கொஞ்ச நேரத்தில் வைத்துவிட்டார்கள்.

மறுநாளும் அடித்தது. அதற்கடுத்த நாளும். நான் ஆபீசில் இருந்த நாட்களில்கூட அழைப்பு வந்ததாகப் பெட்டியில் பதிவாகியிருந்தது.

இவரிடம் சொன்னேன். மலேசியாவிலிருந்து பேய் இங்கே வர வேண்டுமென்றால் முதலில் விசா எடுக்க வேண்டும், நமக்கே எத்தனை வருஷம் இழுத்தடித்தார்கள் என்று சிரித்தார். பிறகு ஒரு சனிக்கிழமை அவரே எடுத்துக் கேட்டார். அதற்குப் பிறகு கிண்டல் இல்லை. மத்தியானம் ஆனால் எதையாவது சாக்குச் சொல்லித் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்.

என் தொழிலே இந்த மாதிரிப் பெட்டிகள்தான் என்பதால் முதலில் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டேன். போன் வயரில் ஈரம் பட்டால் ரிசீவரை எடுத்துவிட்டதாகப் பெட்டி ஏமாந்துபோகும். ஆனால் ஈரம் நேரம் பார்த்தா வரும்? சரி, உள்ளே இருக்கும் கடிகாரம்தான் ஏதோ கோளாறு செய்கிறது என்று நினைத்தேன். பதிவைப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று அந்தக் கடிகாரத்தை நான் ஆக்லாந்து நேரத்துக்கு வைத்திருந்தேன். இந்த மாதத் தொடக்கத்தில் இங்கே கோடைகால நேரம் முடிந்து எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினோம். பெட்டியின் கடிகாரமும் தானாகவே மாறிக்கொண்டது. பெட்டி செய்யும் வேலையாக இருந்தால் மணி இரண்டுக்கே அடித்திருக்க வேண்டும். அடித்தது ஒரு மணிக்கு. இங்கே ஒரு மணி என்றால் உங்களுக்குக் காலை ஒன்பது. அடிப்பவருக்கு எங்கள் கடிகாரத்தோடு சம்பந்தமே இல்லை. விளக்கேற்றும் நேரம்தான் கணக்கு.

சாவி உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. நீங்கள்தான் வந்து எடுக்கிறீர்கள், எடுத்தும் என்னோடு பேச மனமில்லாமல் வைத்துவிடுகிறீர்கள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் சந்தோஷப்பட்டேன். தைப்பிங்கில் பக்கத்து வீட்டுச் சீன அம்மாவிடம் கேட்டதற்குக் கேட்டைப் படம் எடுத்து அனுப்பினார். சங்கிலியும் பூட்டும் அப்படியே இருக்கின்றன. வாசலில் சருகு மிதிபடாமல் குவிந்து கிடக்கிறது. யாரும் வரவே இல்லை என்கிறார். அந்தத் தெருவில் புறாவும் கிடையாதாம்.

நேற்று அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போன் வைத்திருக்கிறதா, எடுத்திருக்கிறதா என்று ஒரு வரி காட்டும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'எடுத்திருக்கிறது' என்று மாறியது. அடுப்படியில் மணி அடித்தது. வருஷப் பிறப்பன்று தவிர எல்லா நாளும் இப்படித்தான்.

அடுத்த மாதக் கடைசியில், வீட்டை வாங்கியவர்களிடம் சாவியைக் கொடுக்கப்போகிறீர்கள் என்று அத்தான் சொன்னார். அதற்குமுன் என் நம்பரை அந்தப் பக்கத்திலிருந்து அழித்துவிட நினைத்தேன். அழித்தும்விட்டேன். சேமி என்ற பட்டனை அழுத்தக் கை வரவில்லை. பக்கத்தை மூடித் திறந்ததும் நம்பர் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

அக்கா, ஒரே ஒரு தடவை போய்ப் போன் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தனியாகப் போக வேண்டாம், அத்தானையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் சொல்வதைக் கேட்டுத்தான் அழிப்பதா விடுவதா என்று முடிவு செய்வேன். என்மேல் உள்ள கோபத்தை இதில் காட்டிவிடாதீர்கள்.

அன்புத் தங்கை,
நிர்மலா


கமுந்திங்
9 மே 2014, வெள்ளிக்கிழமை

நிர்மலாவுக்கு அக்கா எழுதுவது. நீயும் தண்டபாணியும் சுகமாக இருக்க வேண்டும்.

கடிதம் வந்தது. பிரிக்காமல் இரண்டு நாள் ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தேன். என்னைத் தெரியும்தானே உனக்கு. பெட்டி, பக்கம், பட்டன் என்று நீ எழுதியிருப்பதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த மட்டில் இரண்டு தடவை வாசித்தேன். அத்தானிடம் காட்டவில்லை.

அம்மா வீட்டில் போன் இல்லை நிர்மலா. பூட்டிய அன்றே அதை நான் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். பெட்டியைப் போன் கம்பெனிக்காரன் சாமான் என்று நினைத்து, விளக்கு எரிய எரிய அங்கேயே விட்டுவிட்டேன். போன் இங்கே என் சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் வயரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். எதிலும் செருகவில்லை.

ஒன்பது மணிக்கு விளக்கேற்றிவிட்டு அதை எடுத்துக் காதில் வைப்பேன். அத்தான் அந்நேரம் கோப்பிக் கடைக்குப் போயிருப்பார், அவருக்குத் தெரியாது. பைத்தியம் என்று நினைக்காதே. அம்மா எடுத்தால் நீ வந்தாய். நான் எடுத்தால் யாராவது வருகிறார்களா என்று பார்க்கத்தான் எடுத்தேன். யாரும் வரவில்லை என்று தினமும் வைத்துவிடுவேன். வருஷப் பிறப்பன்று விடியற்காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டேன், அன்று மட்டும் எடுக்கவில்லை. நீ கேட்ட புறா, அத்தான் வாங்கி வந்த மெர்போக் என்ற குட்டிப் புறா. பால்கனியில் கூண்டில் தொங்குகிறது. நீதான் இந்த வீட்டுக்கு வந்ததே இல்லையே, உனக்கு எப்படித் தெரியும்?

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நேற்று தைப்பிங் போனேன், தனியாகத்தான். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்னால் போன் செருகும் துளை வெறுமனே இருக்கிறது. எடுத்து வரலாம் என்று கையை வைத்தேன், மனசு கேட்கவில்லை. அப்படியே விட்டுவிட்டுப் பூட்டினேன். சாவி இன்னும் ஒரு மாதம் கழித்துத்தான் என்று வாங்கியவர்களிடம் சொல்லச் சொல்லிவிட்டேன். அத்தான் ஏன் என்று கேட்டார். நாள் சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

உன்மேல் எனக்கு இருந்தது பொறாமை. கோபம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். அம்மா உன்னோடு பேசிச் சிரிப்பதை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டே காய் நறுக்குவேன். என்னோடு பேச அம்மாவுக்கு என்ன இருந்தது, நான்தான் நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருந்தேனே. அது இப்போதுதான் உறைக்கிறது.

இன்று காலை நான் போனைத் தொடவில்லை. விளக்கேற்றிவிட்டுப் பத்து மணி வரை அதன் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரிசீவர் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. புறா மட்டும் கத்தியது. பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் பெட்டியில் எல்லாம் பதிவாகும் என்கிறாயே, இன்றைய நாளைப் பார். அடிக்கவில்லை என்றால் இத்தனை நாளும் அடித்தது நான்தான். எப்படி என்று நீ படித்த படிப்பை வைத்துக் கண்டுபிடித்துக்கொள். இனி எடுத்தால் வாயைத் திறந்து பேசுவேன், நீயும் பேசு.

அடித்திருந்தால், நம்பரை அழிக்காதே. பயப்படாமல் எடு. அக்காவுக்குக் கோபம் போய்விட்டது என்று அம்மாவிடம் சொல்.

அக்கா,
விக்னேஸ்வரி