சாய்ந்த கல் உள்ள கரை

அம்பகரத்தூர்
கார்த்திகை 12

அன்புள்ள மணிபாரதிக்கு அம்மா எழுதுவது. நானும் நிலாவும் சுகம், உன் உடம்பு அந்தக் குளிரைத் தாங்குகிறதா. தினமும் போனில் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய், மன்னித்துக்கொள். எங்கள் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் என்று பெயர்தான், முகம் பார்த்துப் பேச எனக்கு வாய் எழாது. இங்கே இரண்டு நாளாக மழை, உன் தங்கையின் கல்லூரி பஸ் நேற்று வரவில்லை.

நீ போனில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஒரு பிரெஞ்சுக்காரர் நம் பக்கத்து ஆற்றை வரைந்தது, மியூசியக் கடையில் நகல் வாங்கிக் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன் என்றாய். ஆளே இல்லாத கரை, காற்று வாங்க ஒரு கல், வேலை முடிந்து வந்து பார்த்தால் மனசு அடங்குகிறது என்றாய். வரைந்தவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். அந்த வளைவும் சாய்ந்த கல்லும் இன்றும் அப்படியே இருக்கின்றன. அது அரிச்சந்திரன் கல்லப்பா, சுடுகாட்டு வாசலில் பாடையை இறக்கித் திருப்பி வைக்கிற இடம். அன்றைக்குச் சாவு விழவில்லை, அதனால்தான் படத்தில் ஆள் இல்லை.

பெண்கள் போகாத இடம் உனக்கு எப்படித் தெரியும் என்பாய். அப்பாவுக்குச் சித்தப்பா கொள்ளி வைத்தார் என்று அன்று சொன்னது பொய். ஊருக்கு வந்து திரும்புவதற்கான குடியுரிமைத் தாள்கள் கைக்கு வராமல் நீ அங்கே தவித்துக்கொண்டிருந்தாய், இதையும் உன் தலையில் ஏற்ற மனம் வரவில்லை. பாலகுரு சித்தப்பா தெரு முனையிலேயே நின்றுவிட்டார். "மவன் உசுரோட இருக்கையில நான் வச்சா எம் புள்ளைக்கு ஆகாது அண்ணி" என்றார். சுடுகாட்டு வேலை பார்க்கும் சுப்பையன் நம் வாசலில் வந்து நின்று, "வெயில் ஏறுதுங்க, யாருதான் வைக்கப் போறீங்க" என்று இரண்டு தரம் கேட்டார். நிலா எழுந்தாள். அவளை உட்கார வைத்துவிட்டு நான் போனேன். "படிச்சவளாச்சே, எல்லாம் செய்வா" என்று பின்னால் ஒரு குரல். தோளில் குடத்தோடு அந்தக் கல்லருகே நின்றபோது ஆறு உன் படத்தில் இருப்பது போலத்தான் சத்தமில்லாமல் கிடந்தது.

வீட்டில் அந்தப் படம் ஆகாது என்பார்கள், கழற்றுவது உன் இஷ்டம். சித்தப்பாவிடம் எதுவும் கேட்காதே, நாங்கள் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. பத்ரகாளி உன் பக்கத்திலேயே இருப்பாள்.

உன் அம்மா
அல்லி

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. என் முறை வரும்போது எப்படியாவது வந்துவிடு. நிலாவை அந்தக் கல்லருகே நிற்க விடாதே.