பெயர் சொல்ல விரும்பாதவர்

கடல் தாண்டி இருக்கும் என் கணவருக்கு, உங்கள் மனைவி எழுதிக்கொள்வது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் நலமாகிவிட்டது எனக்குத் தெரியும். அத்தையும் நலம். மூன்று வேளை சாப்பிட்டு, நடுவில் என்னையும் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறார். போனில் பேசினால் "லைன் சரியில்ல" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். நான் வேலை பார்க்கும் கூரியரிலேயே அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

போன மாதம் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ஆன்லைனில் பால்வினை நோய்ப் பரிசோதனை செய்யும் இடமாம். "உங்களோடு உறவில் இருந்த ஒருவருக்குத் தொற்று இருந்தது. அவர் தன் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்." என்ன ஒரு நாகரிகம்! என் வாழ்க்கையில் இருந்தது ஒரே ஆள். பெயரை மறைத்து யாரிடம் ஒளிந்தீர்கள்?

அப்போதும், இது ஏதோ மோசடி என்று உங்களுக்காக நானே வாதாடினேன். இருந்தாலும் பரிசோதனைப் பெட்டி ஒன்று வரவழைத்தேன். கவுண்டரில் நாங்கள் தினமும் முகவரி பார்த்துப் பிரிக்கும் பழுப்புக் கவர்தான். அனுப்புநர் இடத்தில் வெறும் எண் இருக்கும்; உள்ளே என்ன என்று எங்களுக்கு அதிலேயே தெரிந்துவிடும். அப்படி யாருக்கு வந்தாலும் "ஐயா ஜாலியா இருந்திருக்காரு" என்று நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அன்று என் பெயரைப் பார்த்ததும் பக்கத்து சீட்டு அக்கா சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. விரலில் குத்தி ரத்தம் எடுத்து அனுப்பினேன். நான்காம் நாள் பதில் வந்தது. சிபிலிஸ்.

கிளினிக்கில் இடுப்பின் இரண்டு பக்கமும் ஊசி போட்டார்கள். மறுநாள் ஸ்டூலில் உட்கார முடியவில்லை. நின்றபடி பார்சல் எடை போடும்போதுதான் ஞாபகம் வந்தது. நான்கு மாத லீவு முடிந்து நீங்கள் போன மறுமாதம், "காய்ச்சலுக்கு ரெண்டு பக்கமும் ஊசி போட்டுட்டாங்க, உக்காரவே முடியல" என்று சிரித்தீர்களே. நானும் சிரித்தேன். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். அதே வாரம் குழந்தைக்கென்று ஆறு சட்டை அனுப்பினீர்கள். சட்டை எட்டே நாளில் வந்துவிட்டது. செய்தி வரத்தான் ஆறு மாதம் ஆனது.

நர்ஸிடம் கேட்டேன். நீங்கள் லீவில் வருவதற்கு முன், ரத்த தானம் கொடுத்தபோது எடுத்த பரிசோதனையில் எனக்கு ஒன்றுமில்லை. ஐந்தாம் மாதமே தெரிந்திருந்தால், இதே ஊசியில் குழந்தை பெரும்பாலும் பிழைத்திருக்கும் என்றார்.

ஏழாம் மாதம் அசைவு நின்றபோது அத்தை, "மூட்டை தூக்கித் தூக்கியே புள்ளைய முழுங்கிட்டா" என்றார். நீங்கள் போனில், "அம்மா பேச்சக் கேட்டு வேலைய விட்டிருக்கலாமில்ல" என்றீர்கள். எல்லாம் தெரிந்த வாய் சொன்ன சொல் அது. அந்த வார்த்தையை நம்பி இத்தனை நாள் நான் என் கைகளை வெறுத்தேன்.

இந்த ரிப்போர்ட்டை அத்தையிடம் காட்டினால், பழி அதற்கும் என் தலையில்தான் விழும். அதனால் உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். மன்னிப்பு வேண்டாம், அழ வேண்டாம். அத்தைக்கு ஒரு வரி எழுதுங்கள். குழந்தையைக் கொன்றது அவள் தூக்கிய மூட்டை அல்ல என்று. உங்கள் கையெழுத்தில், உங்கள் பெயர் போட்டு.

ஆறு சட்டையையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எழுத உட்காரும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதை எழுதி முடிக்கும்வரை உங்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களோடு உறவில் இருந்த ஒருவர்.