மூன்றாம் ஓலை

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
22-11-1949

அன்பு மகள் பிலோமிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்பால் சுகம். சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்கத் தேவமாதாவை மன்றாடுகிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை, நீயும் கேட்காதே, அதைத்தான் இந்தக் கடிதம் முழுக்க எழுதப்போகிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. உப்பளமெல்லாம் தண்ணீராய் நிற்கிறது. அப்பாவின் தோணி கரையேறிக் கிடக்கிறது, மனிதர் வேலையில்லாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து என் உயிரை வாங்குகிறார். மாப்பிள்ளையூரணியிலிருந்து பால் கொண்டுவருகிற செல்லக்கனி உன்னை விசாரித்தாள், என்ன பிள்ளை என்று கேட்டாள். பாலை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஆகஸ்டு மாதம் நான் ஏன் வந்து சேரவில்லை என்று உனக்கு இன்றுவரை ஒழுங்காகச் சொல்லவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்று ஒரு வரியோடு விட்டுவிட்டேன். நீ பிள்ளையைப் பறிகொடுத்துக் கிடக்கிற நேரத்தில் அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. இப்போது கேள். உனக்குக் கஷ்டமான பிரசவம் என்று டாக்டர் சொன்னதாக மாப்பிள்ளையின் தந்தி வந்ததும், நாகப்பட்டினத்தில் கப்பலுக்குக் காத்துக்கிடந்தால் காரியம் முடிந்த பிறகுதான் வந்து சேருவேன் என்று, மாதா திருநாளுக்குக் கொடியேறிய மறுநாளே அப்பாவும் நானும் கொழும்புக்குக் கப்பல் ஏறினோம். ஆஸ்திரேலியாவுக்குப் போகிற விமானம் ஒன்று கொழும்பிலிருந்து கிளம்பிச் சிங்கப்பூரில் இறங்குமாம், அதில் எனக்கு மட்டும் ஒரு இடம். வாங்கித் தருகிறேன் என்று சொன்னவன் சந்தியாகு கொரேரா. அங்கே விமான டிக்கெட் ஏஜெண்டு. நம் கரையில் பிறந்து, நம் மாதா கோவிலில் ஞானஸ்நானம் வாங்கி, என்னை மாமி மாமி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன். வெள்ளைக்காரன் ஆபீசுக்குப் போனால் நம் பேச்சு எடுபடாது, நம்மவன் என்றால் கையைப் பிடித்து ஏற்றிவிடுவான் என்று நம்பினோம்.

பணத்தை முதல் நாளே வாங்கிக்கொண்டான். பிறகு தினமும் ஒரு கதை. சிங்கப்பூரிலிருந்து அனுமதி வரவில்லை என்றான், வந்தது. காலரா ஊசி போட்ட சர்டிபிகேட் வேண்டும் என்றான், போட்டுக்கொண்டு வீங்கிய கையோடு வந்து நின்றேன். அம்மை குத்தியது பழசு என்றான், மறுபடியும் குத்திக்கொண்டேன். ஆஸ்திரேலியாவிலிருந்து தந்தி வந்தால்தான் இடம் உறுதி என்றான். நாளைக்கு வாங்க மாமி, நாளைக்கு வாங்க மாமி. கொச்சிக்கடை அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதும் கொரேராவின் ஆபீஸ் பெஞ்சில் உட்காருவதுமாக என் பொழுது போயிற்று. புறப்படுகிற நாளும் வந்தது. ஆளையும் சாமானையும் சேர்த்து நிறுத்துப் பார்த்துத்தான் விமானத்தில் ஏற்றுவார்களாம், அதற்கு அவன் ஆபீஸ் வாசலிலேயே ஒரு பெரிய தராசு, அரிசி மண்டியில் இருப்பது போல. நாலு பேர் பார்க்க அதில் ஏறி நின்றேன். எடை கூடுகிறது என்றான். உனக்கென்று இடித்துக் கட்டிய பிரசவ மருந்தை எப்படி விடுவது, கருப்பட்டியை மட்டும் எடுத்து அப்பா கையில் கொடுத்தேன். எடை சரியாக வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. சிங்கப்பூருக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போகிற ஒரு பணக்காரன், கூட இரண்டு பெரிய பெட்டி. கொரேரா ஓடிப்போய் அவனோடு குசுகுசுவென்று பேசினான். திரும்பி வந்து, மாமி, தராசுலேருந்து கொஞ்சம் எறங்குங்க, அடுத்த பிளேன்ல பாத்துக்கிடலாம் என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான், பிலோமி. அப்பா அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். நான் அவன் காலைப் பிடித்தேன். ஆமாம், உன் அம்மா பிடித்தாள். மகளுக்குப் பேறுகாலம், என்னைப் போகவிடு என்று அத்தனை பேர் முன்னால் கும்பிட்டேன். அந்தக் குதிரைக்காரனை ஏற்றிக்கொண்டு விமான நிலையத்து பஸ் போய்விட்டது. அடுத்த விமானம் வருவதற்குள் மாப்பிள்ளையின் தந்திதான் வந்தது, பிள்ளையை அடக்கம் செய்தாயிற்று, இனி வர வேண்டாம் என்று. நான் வந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று சொல்லவில்லை, அது சர்வேசுரன் கையில். ஆனால் உன் தலைமாட்டில் நான் இருந்திருப்பேன். யாரோ ஒரு சீனத்து நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு நீ கத்தியிருக்க வேண்டியதில்லை.

அந்தக் கொரேரா இப்போது இந்த ஊரில்தான் இருக்கிறான். அவன் மகனுக்கும் நம் அடுத்த தெரு மெட்டில்டாவுக்கும் கல்யாணம் பேசி நாளைக்கு முகூர்த்தம் வைத்திருந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆகமன காலம் பிறந்துவிடும், அதன் பிறகு கிறிஸ்துமஸ் கழிகிற வரை கோவிலில் கல்யாணம் கிடையாது. மாத முடிவில் மாப்பிள்ளையும் பெண்ணும் கொழும்பிலிருந்து லண்டனுக்கு விமானம் ஏற வேண்டும், பையனுக்கு அங்கே வக்கீல் படிப்பு. இரண்டு இடமும் உறுதியாம், தகப்பனே ஏஜெண்டு அல்லவா. ஆனால் கொரேராவின் அம்மாவும் மெட்டில்டாவின் அம்மாவைப் பெற்ற பாட்டியும் கூடப்பிறந்த அக்காள் தங்கை. ஏதோ சண்டையில் தங்கச்சிக்காரி கைக்குழந்தை கொரேராவைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போனவள் திரும்பவே இல்லை. அந்தக் காலத்து ஆட்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. பெண்ணின் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், லண்டன் மாப்பிள்ளை என்றதும் மறந்திருப்பாள். நம் வழக்கப்படி முறைதான், தாராளமாகக் கட்டலாம். ஆனால் திருச்சபைச் சட்டப்படி அது நெருங்கிய ரத்த உறவு, விக்கினம், பிஷப்பாண்டவரின் உத்தரவு வாங்காமல் தாலி கட்ட முடியாது. கேட்டால் நாளாகும், விமானம் போய்விடும் என்று கொரேரா வாயை மூடிக்கொண்டான். எனக்குத் தெரியும் என்பதுதான் அவனுக்குத் தெரியாது. மெட்டில்டாவின் பாட்டி என் ஞானத்தாய், சாகிறவரை கொழும்புக்குப் போன தங்கச்சியை நினைத்து என்னிடம்தான் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள், இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று சாமியார் கேட்டார். நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஓலைக்கும் வாயைத் திறக்கவில்லை. பந்தல் போடட்டும், பலகாரம் சுடட்டும், கொழும்பிலிருந்து சாதிசனமெல்லாம் வந்து இறங்கட்டும் என்று காத்திருந்தேன். முந்தாநாள் மூன்றாம் ஓலை. பூசை முடிந்ததும் நேரே போய்ச் சாமியாரிடம் சொன்னேன், மெல்லவும் சொல்லவில்லை. கொரேராவின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு இறங்கியது. மறைத்தவன் வாயால் சொல்வதை எழுத முடியாது, விவரம் தெரிந்த நீங்களே நாளைக்கு வந்து சத்தியம் வைத்துச் சொல்லுங்கள், உடனே உத்தரவுக்கு எழுதுகிறேன் என்று சாமியார் சொல்லியிருந்தார். நேற்று நான் போகவில்லை. முழங்கால் வலி என்று ஆளிடம் சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் கொரேராவே மோட்டாரோடு வந்தான். மாமி, ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருங்க, நானே கூட்டிட்டுப் போயிக் கூட்டியாரேன் என்று வாசலில் நின்று கெஞ்சினான். ஏலே சந்தியாகு, அன்னைக்கு நீ சொன்னதும் நான் தராசுலேருந்து எறங்கினேம்லா, இன்னைக்கு நீ என் வாசல்லேருந்து எறங்கு என்றேன். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு இனித்தது, பிலோமி, பொய் சொல்ல மாட்டேன். ஏளா, போதும், அந்தப் பொம்பளப்பிள்ள என்ன பாவம் செஞ்சிது என்று அப்பா உள்ளேயிருந்து சத்தம் போட்டார். நீங்க சட்டையத்தான் பிடிச்சீங்க, நான் காலைப் பிடிச்சேன் என்றேன்.

இன்று காலையில் மெட்டில்டா வந்தாள். மஞ்சள் பூசிய முகம், அழுது அழுது வீங்கியிருந்தது. தரையில் உட்கார்ந்து, நீ செய்வது போலவே என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். என் கை தானாக அவள் தலைக்குப் போயிற்று. போன கையை எடுத்துக்கொண்டேன். மாமி, எனக்காகவாவது வாங்க என்றாள். உன் பேறுகாலத்துக்கு உன் அம்மா கூட இருப்பாளா என்று கேட்டேன். இருப்பா என்றாள். அப்போ நீ குடுத்துவச்சவ, கல்யாணம் மெதுவா நடக்கட்டும், வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகு நெடுநேரம் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. ஆனால் எழுந்ததும் கோவில் பக்கம் போகவில்லை, அடுப்படிக்குத்தான் போனேன். நாளைக்கும் போக மாட்டேன். ஞாயிறு கழியட்டும், விமானம் கிளம்பட்டும், அதன் பிறகு என் முழங்கால் சரியாகிவிடும். வஞ்சத்தை மனசில் வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கக் கூடாது என்று தெரியும், அதனால் ஆகஸ்டிலிருந்து வாங்குவதில்லை. கோவிலில் கடைசி வரிசையில் நிற்கிறேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, ஈரத்தலையோடு படுக்காதே. நான் கொண்டுவர முடியாத மருந்தைப் புதிதாக இடித்து, அந்தப் பக்கம் கப்பல் ஏறுகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன், வெறும் வயிற்றில் சாப்பிடு, கசக்கிறதென்று மாப்பிள்ளைக்குத் தெரியாமல் கொட்டாதே. மாப்பிள்ளையிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே, அவருக்கும் அது பிள்ளைதான். தேவமாதா உன் வயிற்றை மறுபடி நிறைத்து, உன் மடியில் சிரிக்க வைப்பாள், அதற்கு நான் நடந்தாவது வந்து சேருவேன்.

ஆகஸ்டிலிருந்து நான் எழுதிய எல்லாக் கடிதத்துக்கும் மாப்பிள்ளைதான் பதில் போட்டிருக்கிறார். ஒன்றிலும் உன் கையெழுத்து இல்லை. கொரேராவை நான் மன்னிக்கப்போவதில்லை, அதைச் சர்வேசுரனிடமே சொல்லிவிட்டேன். ஆனால் நீ என்னை மன்னித்துவிட்டேன் என்று உன் கையால் ஒரு வரி எழுது, மகளே.

இப்படிக்கு,
உன் தலைமாட்டில் இருக்க வேண்டியிருந்த உன் அம்மா,
சவேரியம்மாள்