தோளில் ஒரு கை

நைனா,

உன் பேரில் நடக்கும் மன்றத்தின் செயலாளர் இன்று காலை உன் நினைவுநாள் பேனரின் மாதிரியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். கூடத்தில் விரித்ததும் புது மையின் வாடை வீடெங்கும் பரவிவிட்டது. தரை முழுக்க நீதான். உன்னை மிதிக்காமல் அடுப்படிக்குப் போக வழியில்லாமல் சுவரோரமாகவே நடந்தேன்.

"நல்லா கீதுங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டு, உன் இடது தோளைக் காட்டினார். "இங்க யாரோ கை ஒண்ணு தெரியுது. மத்ததெல்லாம் வெட்டிட்டோம், இது மட்டும் நின்னுடுச்சு. பைபாஸ்ல வைக்கிற பெரிய பேனர்ல கலர் அடிச்சு மறைச்சிடலாங்கறாங்க. இன்னா சொல்றீங்க?"

டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

யாரோ கையாம். ஆம்பூர் பஜார் ஸ்டுடியோ உனக்கு நினைவிருக்கும். பத்திரிகையில் போட உன் படம் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் லீவு என்று என்னையும் கூட்டிப்போனாய். போட்டோக்காரர் என்னை வெளியே நிற்கச் சொன்னார். நீ நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாய். "எம்பொண்ணு இல்லாம எடுக்கறதுன்னா எனக்குப் படமே வாணாம்." அவர் முனகிக்கொண்டே என்னை ஸ்டூலில் ஏற்றினார். விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் உன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டேன். கஞ்சி போட்ட சட்டை மொறமொறவென்று இருந்தது.

முடிந்ததும் பிரியாணி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாய். படி இறங்குவதற்குள் சைக்கிளில் ஆள் வந்துவிட்டது. தோல் பதனிடும் ஷாப்பில் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய இரண்டு பேர் விஷவாயுவில் செத்துவிட்டார்கள், உடம்பைச் சத்தமில்லாமல் எடுத்துப்போகப் பார்க்கிறார்கள் என்றார் அவர். நீ என்னை ஸ்டுடியோ படியில் உட்கார வைத்தாய். "இங்கயே குந்து. வந்துட்றேன்."

சாயங்காலம் அம்மாதான் வந்து கூட்டிப்போனாள். உடம்பை எடுக்கவிடாமல் மறித்தாய் என்று உன்னைப் போலீஸ் பிடித்துப்போய் உள்ளே வைத்துவிட்டது. ஜாமீனில் வந்தபோது நான் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அவங்களுக்குக் கேக்க ஆளு இல்லடி. உனக்குதான் நான் கீறேன்ல" என்றாய். அதற்குப் பிறகும் எத்தனை முறை இதையே சொல்லியிருப்பாய்! ஊரில் யாருக்கு என்ன அநியாயம் நடந்தாலும் நீ இருந்தாய், நைனா. வீட்டில்தான் இல்லை.

நீ செத்து, உன்னை எடுத்த அன்றும் அப்படித்தான். கூட்டத்தில் உன் பக்கத்திலேயே வர முடியவில்லை. மாரில் அடித்துக்கொண்டு அழுத ஒரு அம்மா சற்றுத் தணிந்து என்னைப் பார்த்து, "நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டாள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

டீயை எடுத்துக்கொண்டு வந்தபோது செயலாளர் பேனரின் ஓரத்தில் மண்டியிட்டு, உன் முகத்தின் மீதிருந்த தூசியைத் தோள்துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று தொட்டியில் செத்தவர்களில் ஒருவர் இவருடைய அப்பா. அப்போது இவர் கைக்குழந்தை. கேஸ் நடத்தி, நஷ்டஈடு வாங்கிக் கொடுத்து, இவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் நீதான். அப்பா இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் இவர் உன்னை வைத்திருக்கிறார். எனக்கு வர வேண்டிய சாயங்காலங்கள் இவருக்குப் போயிருக்கின்றன. இவரிடம் போய் எப்படிக் கோபித்துக்கொள்வது?

"அது என் கைப்பா," என்றேன். "இருக்கட்டும்."

அவர் பேனரைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதுக்கா" என்றவர், அந்த இடம் மடங்கிவிடாதபடி பார்த்துப் பார்த்துச் சுருட்டினார்.

நாளைக்குப் பெரிய பேனரைப் பைபாஸில் ஏற்றிவிடுவார்கள். கம்பெனி பஸ்ஸில் போகும்போது நானும் எல்லோரையும்போல அண்ணாந்து பார்ப்பேன். கும்பிட வருகிறவர்களெல்லாம் கும்பிட்டுவிட்டுப் போகட்டும், நைனா. வந்துட்றேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் இன்னும் அந்தப் படியைவிட்டு எழுந்திருக்கவில்லை.