நாற்பத்திரண்டாவது கோடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பியும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் உம் கொட்டுவாய், அதனால்தான் கடிதம்.

நீ வரைந்து கொடுத்த ஹோட்டலை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். பதினெட்டு வருஷம் நான் நூல் சுற்றிய மில்லா இது என்று வாயைப் பிளந்தேன். துருப்பிடித்த தூணுக்கு மெருகு போட்டு நிறுத்தியிருக்கிறாய், அதில் மாட்டித் துணி கிழிந்து நாங்கள் திட்டாத நாளில்லை. கூரையில் குழாயெல்லாம் அப்படியே தெரிகிறதே, வேலை இன்னும் முடியவில்லையா என்று தம்பியைக் கேட்டேன், அதுதான் ஸ்டைலாம். பார்க்கத் திறந்து வைத்திருந்த அறையில் குளியலறைக்குக் கண்ணாடிச் சுவர். குளிக்கிறவர் யாருக்கடி காட்சி கொடுக்க வேண்டும்? ஆனால் எங்கள் காலத்தில் திறக்கவே திறக்காத மேல் ஜன்னல்களைத் திறக்க வைத்துவிட்டாய், அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும்.

அப்புறம் அந்தச் சுவர். பழைய கீறல்களுக்குக் கண்ணாடி போட்டு, மேலே விளக்கு வைத்து, பக்கத்தில் ஒரு அட்டை. தொழிலாளர்கள் தங்கள் அன்றாட உற்பத்தியைப் பெருமையோடு குறித்த கோடுகள் என்று போட்டிருக்கிறது. அக்கா எழுதினதும்மா என்று தம்பி பூரித்துப் போனான். அடி என் அறிவுக்கொழுந்தே, அங்கேதான் என் மெஷின் இருந்தது. ஒண்ணுக்குப் போகக் கேட்டு, நாங்கள் கடிகாரம் என்று பேர் வைத்த சூப்பர்வைசர் மணி அடிக்கட்டும் பாக்கலாம் என்று விரட்டிய ஒவ்வொரு தடவையும் ஆணியால் நான் இழுத்த கோடு அது. மொத்தம் நாற்பத்தொன்று. பாதிக்கு மேல் நீ வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்த மாதங்களில் போட்டது. வெட்கப்பட்டு உன்னிடம் சொன்னதில்லை. அட்டையைப் படித்ததும் விழுந்து விழுந்து சிரித்தேன், நெஞ்சும் எரிந்தது.

சிரித்த சிரிப்பில் எனக்கு அவசரமாகிவிட்டது. வரவேற்பு மேசைப் பெண்ணிடம் கேட்டால், தங்குறவங்களுக்கு மட்டும்தாம்மா, கார்டு இருந்தாத்தான் கதவு திறக்கும் என்று பல்லெல்லாம் தெரியச் சொல்கிறாள். இந்தக் கட்டடத்தை வரைஞ்சதே என் பொண்ணு என்றேன். அப்படியா, ரொம்ப அழகா இருக்குல்ல என்கிறாள். வரவேற்புக் கூடத்தில் வெறும் காற்றுக்கு மூன்று மாடி உயரம் விட்ட உனக்கு, வந்து போகிறவர்களுக்கு ஒரு கழிவறை வைக்க நாலடி இடம் கிடைக்கவில்லையா? தம்பி எதிரே மருந்துக்கடையில் கெஞ்சி என் மானத்தைக் காப்பாற்றினான்.

உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இரு, இன்னும் பத்துக் கட்டடம் கட்டு. கண் விழித்து வேலை பார்க்காதே. அந்த அட்டையை மாற்றச் சொல்லி எழுது, கழிவறைக்கும் ஒரு வழி பண்ணு. அந்தக் கீறல்களுக்குப் போட்ட கண்ணாடி மேல் யாரோ அழியாத மையில் ஒரு கோடு இழுத்துவிட்டார்கள் என்று ஹோட்டல்காரர்கள் உன்னிடம் புலம்புவார்கள். துடைக்கச் சொல்லாதே. கடிகாரத்தின் கணக்கு நாற்பத்தொன்றோடு முடிந்தது, இது உன் கணக்கு.

முத்தங்களுடன்,
உன் அம்மா