தீவுக் கற்களை அரைத்தது யார்

கொலோன்,
14.8.2025

அன்புள்ள அத்தானுக்கு,

சவேரியார் புண்ணியத்தில் நான் சுகம். மாமியின் முட்டுவலி குறைந்ததா? இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் பேச்சை மாற்றுவதில் நீங்கள் கெட்டிக்காரர். அதனால்தான் மின்னஞ்சலில் கடிதம். எனக்குப் பதிலும் எழுத்தில் வேண்டும்.

ரீயூனியன் தீவில் நான் பொறுக்கிய இருபத்து நான்கு எரிமலைக் கற்களின் முடிவும் வந்துவிட்டது. "கடலு தாண்டிப் போயி கருங்கல்லையா பெறக்கிட்டு வந்திருக்கா?" என்று மாமி கேட்டார்களே, அதே கற்கள்தான். ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர் ஆழத்தில், பூமியின் இரும்புக் கருவை ஒட்டிய இடத்திலிருந்து எழுந்து வந்த குழம்பு அது என்று நினைக்கிறோம். அவ்வளவு ஆழத்துக்கு யாரும் துளை போட முடியாது. தீவு கக்குவதைப் பார்த்துத்தான் பூமியின் அடிவயிற்றை அறிய வேண்டும். கருவில் உள்ள டங்ஸ்டனில் ஒரு வகை அணு கொஞ்சம் குறைவு. அந்தக் குறைவு தீவுக் கல்லிலும் தெரிந்தால், கரு மெல்லக் கசிகிறது என்று அர்த்தம். மற்றவர்களுக்கு இதே தீவின் கற்களில் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் அத்தனை கல்லிலும் அந்தக் குறைவு பூஜ்ஜியம். "கசிவு இல்லை" என்று கட்டுரையே எழுதி முடித்துவிட்டேன்.

அனுப்பும் முன் நேற்றுதான் மற்ற அளவுகளைப் பார்த்தேன். டங்ஸ்டன் இருக்க வேண்டியதைப்போல நாற்பது மடங்கு இருக்கிறது. கோபால்ட்டும் எக்கச்சக்கம். இரண்டும் சேர்ந்து வரும் இடம் உங்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துச் செய்த கார்பைடு மில்லில் அரைத்தால் மில்லின் சாதாரண டங்ஸ்டனே பொடியில் கலந்து, கல் சொல்ல வந்ததை மறைத்துவிடும். அகேட் கல் பதித்த மில்லில்தான் அரைக்க வேண்டும் என்று தக்கலையில் உங்கள் கல் பரிசோதனைக் கூடத்தில் நின்று படித்துப் படித்துச் சொன்னேனே அத்தான்! உங்கள் நோட்டில் "அகேட்" என்று இருக்கிறது. அரைத்தவர் உங்கள் ஊழியர் "ஜெனிலா" என்று இருக்கிறது. அதை நம்பித்தான் முதலிலேயே அளவைப் பார்க்காமல் விட்டேன். என்ன நடந்தது?

உங்கள் பிரிஜா

*

தக்கலை,
18.8.2025

என் கண்ணான பிரிஜாவுக்கு,

அம்மாவின் வலிக்கு ஆயுர்வேதத் தைலம் வாங்கிக் கொடுத்தேன். வலி போகவில்லை, வீடெல்லாம் வாசனை வந்ததுதான் மிச்சம். உனக்காக நெத்திலி காயப்போட்டிருக்கிறாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடலாம் என்று நானும் ஆள் தேடுகிறேன். போன கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. இந்த டிசம்பரிலாவது வந்துவிடு.

நீ கேட்டதை விசாரித்தேன். கோட்டாறு சவேரியார் திருவிழா அவசரத்தில் ஜெனிலா கார்பைடில் போட்டிருப்பாள். "நான் இல்ல சாரே, சத்தியமா நான் இல்ல" என்று அழுதாள். நோட்டில் அவள் பேர்தானே இருக்கிறது? உன் இரண்டு வருட உழைப்பு பாழாகியிருக்கிறது, சும்மா விட முடியுமா? இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ மனசைப் போட்டு உழப்பாதே மக்கா.

உன் பெனிட்டோ

*

கொலோன்,
29.8.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நெத்திலி வேண்டாம் என்று மாமியிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை நம்பி, கவனமில்லாத ஊழியர் ஒருத்தி செய்த தவறு என்று என் பேராசிரியரிடம் சொன்னேன். அவள் பெயரையும் சொன்னேன். சொல்லி நான்கு நாளில் ஜெனிலாவிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, கல்லு அரச்ச அந்த ஒரு வாரமும் அம்மைக்குக் கண் ஆப்ரேஷன்னு நான் ஆஸ்பத்திரியிலல்லா கெடந்தேன். நீங்ககூட போன்ல விசாரிச்சியளே, மறந்துட்டியளா?"

மறந்துதான் போயிருந்தேன். போனில் தேடினேன். நான் விசாரித்தது இருக்கிறது, தேதி 28 நவம்பர் 2023. நோட்டில் கற்களை அரைத்த தேதி 29. அன்று கூடத்தில் வேறு யார் இருந்தது அத்தான்? அரைத்தது நீங்களா? ஆம், இல்லை என்று மட்டும் எழுதுங்கள்.

பிரிஜா

*

தக்கலை,
5.9.2025

பிரிஜா,

ஆம். நான்தான்.

அகேட்டில் ஒரு கல்லுக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஒவ்வொன்றுக்கும் இடையில் மணல் போட்டுக் கழுவ வேண்டும். டிசம்பர் ஐந்தாம் தேதி உனக்கு ஜெர்மனிக்கு விமானம். நீ கிளம்பும்வரை நான் மில்லின் முன்னால்தான் கிடக்க வேண்டும் என்று தெரிந்தது. அப்போது நமக்குக் கல்யாணமாகி நாலே மாதம். கார்பைடில் ஒரு கல்லுக்கு இரண்டு நிமிடம். துளிபோல ஏதாவது ஒட்டினால் என்ன வந்துவிடப்போகிறது என்று ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டேன். பிறகு மூன்று நாள் உன்னோடு கோட்டாற்றில் சுற்றினேன். தேர் வரும்போது கூட்டத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாயே! அதற்காகத்தான் செய்தேன்.

எப்போதும் ஜெனிலா அரைப்பதால் பழக்கத்தில் அவள் பேரை எழுதினேன். நீ கேட்டபோது அந்தப் பேர் நோட்டில் தயாராக இருந்தது. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று ஆக்கிவிட்டேன். நீ என்னை விட்டுவிடுவாயோ என்று பயம் பிரிஜா. இப்போதும் பயம்தான்.

பெனிட்டோ

*

கொலோன்,
21.9.2025

பெனிட்டோவுக்கு,

ஜெனிலா எழுதியிருந்தாள். நீங்கள் அவள் வீட்டுக்குப் போய், அவள் அம்மா முன்னால் உண்மையைச் சொன்னீர்களாம். திரும்ப வேலைக்கு வருகிறாளாம். நல்லது. நானும் பேராசிரியரிடம் போய்த் திருத்திச் சொன்னேன். அரைத்தது "என் கணவர்" என்றே சொன்னேன். கட்டுரையை அழித்துவிட்டேன்.

கல்லை அரைத்ததை மன்னித்துவிட்டேன். அந்த அவசரம் எனக்கும் புரிகிறது. என்னிடம் அன்றைக்கே சொல்லியிருந்தால் திட்டிவிட்டுச் சிரித்திருப்பேன். ஆனால் அழுதுகொண்டு நின்ற ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதே கையால் எனக்கு "மனசைப் போட்டு உழப்பாதே" என்று எழுதினீர்களே! அதை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? இங்கே தனியாக இருந்த இரண்டு பனிக்காலமும் அந்த மூன்று நாளை நினைத்துத்தான் கழித்தேன். இப்போது நினைத்தால் ஜெனிலாவின் முகம் வருகிறது.

டிசம்பரில் வரவில்லை. அதற்குப் பிறகு வருவேனா என்று எனக்கே தெரியாது. மாமியிடம் காரணத்தை நீங்களே சொல்லுங்கள். வேலை அதிகம், லீவு இல்லை என்று என் பேரில் போடாதீர்கள்.

ஒவ்வொரு கல்லிலும் பாதி உடைக்காமல் உங்கள் கூடத்தின் மேல் அலமாரியில் துணிப்பைகளில் இருக்கிறது. அவற்றை அனுப்ப வேண்டும், இங்கே நானே அரைத்துக்கொள்கிறேன். ஜெனிலா பொட்டலம் கட்டட்டும். கட்டியவர் பெயர் என்ற இடத்தில் அவளே கையெழுத்துப் போடட்டும். நீங்கள் தொட வேண்டாம்.

பிரிஜா